மடக்கி வைத்த பில்லர் கம்பியை நிமிர்த்தலாமா? 500டி-யா, 550-ஆ?

கேள்வி இதுதான்: மேலே ஒரு மாடி பின்னால் எழுப்பலாம் என்று மொட்டை மாடியில் பில்லர் கம்பிகளை விட்டு வைத்திருக்கிறீர்கள். எல்லாம் 16 மி.மீ. நடக்க இடைஞ்சல் என்று அவற்றை அப்படியே பக்கவாட்டில் மடக்கிப் படுக்க வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது அதை நிமிர்த்தி, மேலே பில்லர் தூக்கலாமா? புதிதாக வாங்கும் கம்பி எஃப்இ 500டி (எண் பலத்தின் கிரேடு, 'டி' என்பது கூடுதலாக இழுபடும் வகை) போதுமா, 550 "இன்னும் ஸ்ட்ராங்" என்கிறார்களே, அதை வாங்கலாமா?

நிமிர்த்தி நம்பாதீர்கள், 500டி வாங்குங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒரு கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் கதையில் பாதிதான். தாங்க முடியாமல் இழுபடத் தொடங்கிய பிறகு, உடைவதற்கு முன் இன்னும் எவ்வளவு இழுபடும் என்பது மறுபாதி. மடக்குவதும் நிமிர்த்துவதும் அந்த மறுபாதியைத் தின்கின்றன. கிரேடு எண் கூடும்போது பெரும்பாலும் குறைவதும் அதுவே.

கணக்கில் பார்த்தால் சுலபம். 12 மி.மீ கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ. அதில் ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீட்டர் பரப்பில் விழும் விசை, 87 நியூட்டன். (இனி தகைவை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்; அலகு எல்லா இடத்திலும் நியூட்டன்/ச.மி.மீ.) இரும்பின் யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்தால் வரும் விறைப்பு எண்) 2,00,000. எனவே திரிபு, அதாவது நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது, 0.00043; 12 மீட்டர் முழு நீளக் கம்பி என்றால் சுமார் 5 மி.மீ நீளும். எடையை எடுத்தால் அந்த 5 மி.மீட்டரும் திரும்பி வந்துவிடும். இழுவிசைக்கு ஏற்ற நீட்சி என்று 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இந்தப் பகுதிக்கு மட்டும்தான். 500 கிரேடு கம்பியில் தகைவு 500-ஐத் தொடும்போது, அதாவது 12 மி.மீ கம்பியில் ஏறத்தாழ 5.75 டன் ஏறும்போது, இந்த மீள்நீட்சி 0.0025, 12 மீட்டருக்கு 30 மி.மீ. அதோடு மீளும் எல்லை முடிகிறது.

அதற்கு மேல் போனால் கம்பி "ஈல்டு" ஆகிறது. உள்ளே இரும்புப் படிகங்களின் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவத் தொடங்குகின்றன. முழு அடுக்கும் ஒரே மூச்சில் நழுவுவதில்லை. அடுக்கில் இருக்கும் வரிசைப் பிசகுகள் நகர்ந்து நகர்ந்து அந்த நழுவலை முடிக்கின்றன. நழுவ நழுவப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் அடுத்த முறை நழுவ வைக்க இன்னும் கூடுதல் விசை வேண்டும். கம்பி கடினமாகிவிட்டது, ஆனால் இழுபடும் திறனில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. எடையை எடுத்தால் மீள்நீட்சி மட்டும் திரும்பும், நழுவிய நீளம் அப்படியே நின்றுவிடும்.

இந்தக் குணத்தைத் தொழிலாகவே செய்தது பழைய முறுக்குக் கம்பி. சாதாரண மென் இரும்புக் கம்பியை ஈல்டுக்கு மேல் குளிர்நிலையில் முறுக்கியே 415 கிரேடுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கடையில் "முறுக்குக் கம்பி" என்று கேட்டாலும் கையில் வருவது டிஎம்டி. அதை யாரும் முறுக்குவதில்லை. உருட்டாலையில் செந்தணலாக வெளிவரும் கம்பியின் மேல் தண்ணீர் பீய்ச்சி மேல்தோலைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். தோல் கடினமாகிறது; உள்ளே இருக்கும் சூடு மெல்ல வெளியே வந்து அந்தத் தோலைச் சுமார் 600 டிகிரியில் பதப்படுத்துகிறது; நடுப்பகுதி மென்மையாகவே நிற்கிறது. கடினத் தோல், மென் நடு. இது பின்னால் வேண்டியிருக்கும், மறக்க வேண்டாம்.

இனி வளைவுக்கு வருவோம். கம்பியை ஒரு முளையைச் சுற்றி வளைத்தால் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் அமுங்குகிறது. வெளித்தோலின் திரிபு எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: கம்பி விட்டத்தை, முளை விட்டத்தையும் கம்பி விட்டத்தையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். முளை கம்பியைப் போல மூன்று மடங்கு என்றால் நாலில் ஒன்று, 25 சதவீதம். நாலு மடங்கு என்றால் 20. ஏழு மடங்கு என்றால் 12.5. முளையும் கம்பியும் ஒரே பருமன் என்றால் 50 சதவீதம்! கம்பி வளைக்கும் பலகையில் 16 மி.மீ துண்டுகளையே முளையாக அடித்து அதில் 16 மி.மீ கம்பியை வளைப்பது பல சைட்டுகளில் நடப்பதுதான்.

கவனித்துப் படிப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். 500டி கம்பியின் குறைந்தபட்ச நீட்சியே 16 சதவீதம்தானே, மூன்று மடங்கு முளையில் 25 சதவீதம் வந்தும் ஏன் உடையவில்லை? அந்த 16 என்பது கம்பி விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீளத்தில் எடுத்த சராசரி. 12 மி.மீ கம்பியில் 60 மி.மீ குறித்து, இழுத்து உடைத்து, இரண்டு துண்டையும் பொருத்தி அளந்தால் 69.6 மி.மீ-க்குக் குறையக் கூடாது. உடையும் இடத்தில் கம்பி கழுத்துப் போலச் சுருங்கும். அந்தச் சின்ன இடத்தில் மட்டும் திரிபு சராசரியைவிடப் பல மடங்கு. வளைவில் வெளித்தோல் நீளும்போது, பக்கத்திலேயே உள்ளே இருக்கும் இரும்பு குறைவாகத்தான் நீள்கிறது. அது பிடித்துக்கொள்வதால் கழுத்துச் சுருக்கம் தொடங்க வழியில்லை. அதனால்தான் ஒரு முறை வளைப்பதை நல்ல கம்பி எளிதாகத் தாங்கிவிடுகிறது. சோதனை அளவும் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது: கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 1786-ன் 2008 பதிப்பின்படி 20 மி.மீ வரையுள்ள கம்பிக்கு வளைவுச் சோதனை முளை 500 கிரேடில் நாலு மடங்கு, 500டி-யில் மூன்று, 550-ல் ஐந்து. கிரேடு ஏறும்போது முளையும் பெரிதாவதைப் பாருங்கள். கம்பி எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

நிமிர்த்துவது வேறு விவகாரம். முதலில் அமுங்கிய உள்பக்கம் இப்போது இழுவிசைக்கு வருகிறது. அமுங்கும்போது அங்கே கம்பி மேல் புடைத்த வரிகள் ஒன்றையொன்று நெருங்கி, வரியின் அடிப்பகுதி நெரிந்து மடிப்பு விழுந்திருக்கும். அந்த மடிப்பை இழுத்துத் திறந்தால் அதுவே விரிசலின் தொடக்கம். எனவே நிமிர்த்திய கம்பியில் வெளிவளைவைத் தடவிப் பார்த்து "ஒன்றும் ஆகலை" என்பதில் பயனில்லை. உள்வளைவில், வரிகளின் அடியில் பார்க்க வேண்டும். ஒரு திசையில் ஈல்டு ஆன உலோகம் எதிர்த்திசையில் முன்னதாகவே ஈல்டு ஆகும் என்பதும் உண்டு. மியூனிக்கில் யோஹான் பௌஷிங்கர் 1880-களில் கண்டது, அவர் பெயராலேயே வழங்குகிறது. நிமிர்த்தியபின் அந்த இடத்தில் கம்பி 500 வரை விறைப்பாக நிற்காது, முன்னமே குழையத் தொடங்கும்.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த இரண்டு வருடம். வளைத்த உடனே நிமிர்த்துவதும் நாள் கழித்து நிமிர்த்துவதும் ஒன்றல்ல. இரும்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், கார்பன் அணுக்கள் மெல்ல நகர்ந்து, வளைத்தபோது பெருகிய வரிசைப் பிசகுகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிசகுகள் நகர முடியாமல் பூட்டப்படுகின்றன. வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் மாறுகிறது. நம் ஊர் மொட்டை மாடி வெயில் இதை வேகப்படுத்தத்தான் செய்யும். மின்உலையில் உருக்கிய இரும்பில் நைட்ரஜன் கூடுதலாக இருக்கும் என்பதால் இந்த மூப்பும் அதில் கூடுதல். ஐ.எஸ் 1786-ல் மறுவளைவுச் சோதனை இதற்காகவே இருக்கிறது: கம்பியை 135 டிகிரி உள்கோணத்துக்கு வளைத்து, கொதிக்கும் தண்ணீரில் 30 நிமிடம் போட்டு, ஆறவிட்டு, 157.5 டிகிரிக்குத் திருப்பி வளைக்க வேண்டும், விரிசல் கூடாது. அந்த வெந்நீர், பல மாத மூப்பை அரை மணியில் வரவழைக்கும் வழி. ஆனால் முளையைப் பாருங்கள்: 10 மி.மீ-க்கு மேற்பட்ட 500டி கம்பிக்கு ஆறு மடங்கு, அதாவது 16 மி.மீ கம்பிக்கு 96 மி.மீ, திரிபு 14 சதவீதம்தான். அதிலும் திருப்புவது வெறும் 22.5 டிகிரி. சோதனையில் தேறிய கம்பி தாங்கும் என்று உறுதி சொல்லப்பட்டது அவ்வளவே. மொட்டை மாடியில் கம்பி கான்கிரீட்டை விட்டு வெளிவரும் இடத்திலேயே, முளை எதுவும் இல்லாமல், கான்கிரீட் விளிம்பே முளையாக 90 டிகிரி மடக்கியதற்கு எந்தச் சோதனையும் உத்தரவாதம் தரவில்லை. விளிம்புக் கான்கிரீட்டும் கொஞ்சம் பெயர்ந்திருக்கும். மழையில் அந்த மடிப்பில்தான் துருவும் முதலில் குழி பறிக்கும்.

"கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். டிஎம்டி கம்பியின் பலம் அந்தத் தோலில் இருக்கிறது. 600 டிகிரி தாண்டிச் சிவக்கச் சுட்டால் தோலின் பதம் போய், அந்த இடம் மென் இரும்புக் கணக்காகிவிடும். சிவக்காமல் லேசாகச் சுட்டால் வேறு வம்பு: 200 முதல் 350 டிகிரிக்குள் இரும்பு நீலம் பாரிக்கும் கட்டத்தில், குளிர்நிலையைவிட எளிதாக விரிசல் விடும்.

அப்படியானால் என்ன செய்வது? கம்பி கான்கிரீட்டுக்குள் இருக்கும் பகுதி கெடவில்லை. பில்லர் தலையில் கான்கிரீட்டை 10–15 செ.மீ உடைத்து, மடிப்புக்குக் கீழே நேரான கம்பியை வெளியே எடுத்து, மடிந்த பகுதியை வெட்டிவிட்டு, கப்ளர் (இரண்டு கம்பி முனைகளை இணைக்கும் இரும்புக் குழல்) போட்டு நீட்டுவது ஒரு வழி. கப்ளர் இல்லாமல் பழைய கம்பியையும் புதுக் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டு போட வேண்டுமானால் நீளம் நிறைய வேண்டும்: எம்25 கான்கிரீட்டில் 500 கிரேடு கம்பிக்கு இழுவிசை ஒட்டு கம்பி விட்டத்தைப் போல ஏறத்தாழ 49 மடங்கு, 16 மி.மீ என்றால் 780 மி.மீ. அவ்வளவு ஆழம் உடைப்பதைவிட, பக்கத்தில் துளையிட்டு வேதிப் பசை ஊற்றிப் புதுக் கம்பி நடுவது எளிது. ஆழத்தையும் பசை வகையையும் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், துளையை ஊதித் துலக்காமல் பசை ஊற்றினால் பிடிக்காது. பற்றவைப்பு வேண்டாம், சூட்டுக் கதைதான் மறுபடியும். 8, 10 மி.மீ கம்பி, அதுவும் அகல வளைவாக மடக்கியது என்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை, மெல்ல நிமிர்த்தி உள்வளைவைப் பார்த்துப் பயன்படுத்தலாம். கம்பி இரண்டு மூன்று செ.மீ மட்டும் தள்ளி நின்றால், கான்கிரீட் முகத்தில் நெம்பாமல், ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில் நீளவாக்கில் மெல்லச் சாய்த்துக் கொண்டுவர வேண்டும்.

இதே கணக்கால் இன்னொரு சந்தேகமும் தீரும். 12 மீட்டர் கம்பியை லாரிக்காக நடுவில் மடித்துக் கட்டாக அனுப்புகிறார்களே, அது கெட்டதா? 12 மி.மீ கம்பி, மடிப்பின் உள்ளகலம் 30 செ.மீ என்றால் திரிபு 4 சதவீதத்துக்கும் குறைவு, கவலை இல்லை. 16 மி.மீ கம்பியை 10 செ.மீ அகலத்துக்கு நெருக்கி மடித்திருந்தால் 14 சதவீதம் ஆகிறது. அந்த இடத்தை வெட்டித் துண்டுகளுக்குப் பயன்படுத்துங்கள், பீமின் நடுவிலோ பில்லரின் அடியிலோ வர விடாதீர்கள்.

ரிங் (பில்லர், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வளைப்பதிலும் இதே கவனம் வேண்டும். ரிங்கின் கொக்கி 135 டிகிரி உள்ளே திரும்ப வேண்டும், முனை கம்பி விட்டத்தைப் போல ஆறு மடங்கு, குறைந்தது 65 மி.மீ நீள வேண்டும் என்கிறது நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான தரநிலை ஐ.எஸ் 13920. வேலை சுலபம் என்று 90 டிகிரியில் நிறுத்திவிட்டு, சென்ட்ரிங் மூடுவதற்கு முன் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுவது உண்டு. அப்படித் தட்டும்போது முளை என்று ஒன்று இருப்பதே இல்லை. முதல் வளைவிலேயே 135-க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் கம்பி சில டிகிரி பின்வாங்கும், அது மீளும் பங்கு. கிரேடு கூடக் கூடப் பின்வாங்குவதும் கூடும், அதற்கேற்ப மிகையாக வளைக்க வேண்டும்.

இனி 550. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, யங் குணகம் கிரேடு பார்க்காது. 415 ஆனாலும் 600 ஆனாலும் அதே 2,00,000தான். எனவே உயர்ந்த கிரேடு வாங்கினால் பீம் தொய்வு குறையும் என்பது தவறு. அதைக் காரணம் காட்டிக் கம்பி எண்ணிக்கையைக் குறைத்தால் அதே பாரத்தில் ஒவ்வொரு கம்பியும் கூடுதலாக நீளும். தொய்வும் கூடும், விரிசல் அகலமும் கூடும். கான்கிரீட் பக்கம் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் புரியும். எம்20 கான்கிரீட் வளைவில் 3.1 தகைவுக்கு மேல் இழுவிசை தாங்காது. அப்போது திரிபு 0.00014. அதே திரிபில் கூடவே இருக்கும் கம்பியில் தகைவு 28 மட்டுமே. 500 தாங்கும் கம்பி 28-ல் இருக்கும்போதே கான்கிரீட் கீறிவிடுகிறது! கம்பி வேலை செய்யத் தொடங்குவதே அதன் பிறகுதான். எனவே பீம் அடியில் மயிரிழைக் கீறல் இயல்பு, கான்கிரீட் கட்டுமானத் தரநிலை ஐ.எஸ் 456 பொதுவாக 0.3 மி.மீ வரை அனுமதிக்கிறது. அந்த எல்லைக்குள் கீறலை வைத்திருப்பது போதுமான கம்பிப் பரப்பு, கிரேடு அல்ல.

அமுக்கத்தில் கான்கிரீட் 0.0035 திரிபில் நொறுங்குகிறது. நொறுங்குவதற்கு முன் கம்பி ஈல்டு ஆகி இழுபட வேண்டும் என்பதே பீம் வடிவமைப்பின் அடிப்படை. 500 கிரேடில் அந்த நேரத்துக் கம்பித் திரிபு குறைந்தது 0.0042 இருக்கும்படி ஐ.எஸ் 456 கேட்கிறது. கம்பி இழுபட்டால் பீம் தொய்ந்து, கீறல் வாய் திறந்து, ஆள் வெளியேற நேரம் கிடைக்கும். கம்பி எதிர்பார்த்ததைவிட மிகப் பலமாக இருந்தால் அது அசையாமல் நிற்க, கான்கிரீட்டோ ரிங்கோ முன்னறிவிப்பின்றி முதலில் போகும். அதனால்தான் ஐ.எஸ் 13920 பலத்துக்கு மேல் எல்லையும் வைக்கிறது: உண்மை ஈல்டு, கிரேடு எண்ணைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உடையும் பலம் ஈல்டைப் போல 1.15 மடங்காவது இருக்க வேண்டும், நீட்சி 14.5 சதவீதமாவது வேண்டும். 2016-ன் ஐ.எஸ் 1893 வரைபடத்தில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலம், எனவே இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சாதாரண 550-க்கு ஐ.எஸ் 1786 கேட்கும் நீட்சி 10 சதவீதம், ஈல்டுக்கு மேல் மிச்சம் வெறும் 6 சதவீதம். 500டி-க்கு 16-ம் 10-ம். 550டி 14.5-ம் 8-ம், அது பரவாயில்லை, ஆனால் பில்லில் "550" என்று போட்டுவிட்டு வாயால் "டி" என்று சொல்பவரை நம்ப வேண்டாம், கம்பி மேல் உருட்டிய எழுத்தைப் பாருங்கள்.

சோதனைச் சான்றிதழ் வந்தால் முதல் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். உதாரணத்துக்கு, 500டி என்று வந்த கம்பிக்கு ஈல்டு 610, உடையும் பலம் 680, நீட்சி 15 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் "500 கேட்டீங்க, 610 இருக்கு" என்பார். நீட்சி 16-க்குக் கீழே, எனவே 500டி-யே இல்லை. 610 என்பது 600 வரம்பைத் தாண்டிவிட்டது. 680-ஐ 610-ஆல் வகுத்தால் 1.11, 1.15 இல்லை. மூன்று இடத்தில் தோற்ற கம்பி. கூடவே மறுவளைவுச் சோதனை முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல சான்றிதழ்களில் வளைவுச் சோதனை மட்டும் இருக்கும்.

எடையையும் விடாதீர்கள். சோதனைக்கூடம் பெயரளவு விட்டத்தைக் கொண்டு தகைவைக் கணக்கிடுவதில்லை. துண்டின் எடையிலிருந்து உண்மைப் பரப்பை எடுத்து வகுக்கிறது. எனவே மெலிந்த கம்பியும் தகைவில் 500 காட்டிவிடும், ஆனால் உங்கள் பில்லரில் அது சுமக்கும் பாரம் குறைவுதான். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ கிடைக்கும்: 16 மி.மீ-க்கு 1.58, 12 மீட்டருக்கு 18.96. இந்தப் பருமனுக்கு அனுமதித்த குறைவு 5 சதவீதம். பத்து முழுக் கம்பியை எடை மேடையில் ஏற்றி 180 கிலோவுக்குக் கீழே காட்டினால், கம்பியை இறக்க விடாமல் லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.